தெளிவு விளக்கு

பங்காளிக் காய்ச்சலுக்கு மருந்தில்லை என்று கரட்டுப்பாளையத்தில் சொல்வார்கள். வேதியியல் பேராசிரியர் சென்னியப்பன் இதை மேடையிலேயே பலமுறை சொல்லியிருக்கிறார். "எல்லாக் காய்ச்சலுக்கும் கிருமி கண்டுபிடிச்சாச்சுங்க. இந்தக் காய்ச்சலுக்கு மட்டும் கிருமி பக்கத்துத் தோட்டத்துல குடியிருக்குது" என்பார். மண்டபம் விழுந்து விழுந்து சிரிக்கும். தனக்கே அது வந்தபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு சாயங்காலம் கல்யாண மண்டபத்தில் அறிவியல் மன்றக் கூட்டம் நடக்கும். கைப்பேசியைக் கேட்டால் எதற்கும் பதில் சொல்லிவிடுகிற காலம்தான். தென்னைக்கு மருந்தடிக்கக்கூட ஆள் போவதில்லை, ட்ரோன் போகிறது. ஆனாலும் ஒரு ஆள் எதிரில் நின்று, முகத்தைப் பார்த்துச் சொன்னால்தான் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு எதுவும் மண்டையில் ஏறும். அதனால் மன்றம் பிழைத்திருந்தது. சென்னியப்பனும் அதில் ராஜாவாக இருந்தார்.

நிலாவில் வீடு கட்டுவது, தடுப்பூசி, அணு உலை என்று அவர் தொடாத விஷயம் கிடையாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு சிரிப்பு, பத்து நிமிடத்துக்கு ஒரு கைதட்டல் என்று கணக்காகப் பேசுவார். முதல் சிரிப்பு எப்போதும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாரப்பனிடமிருந்து வரும். கிணற்று மோட்டார் ரிப்பேர் செய்கிறவர். கூட்டம் இருக்கிற ஞாயிற்றுக்கிழமை எந்தத் தோட்டத்தில் மோட்டார் நின்றாலும் போகமாட்டார். "இன்னைக்கு எங்கண்ணன் பேச்சுங்க" என்பார். அண்ணன் என்றால் உறவில்லை, பிரியம். கூட்டத்துக்குச் சுண்டல் செய்து கொண்டுவருவது மாரப்பனின் மனைவி ருக்மணி. கடைசி வரிசையில் அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். பேச்சு எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால், "எனக்கு இதெல்லாம் எங்கீங்க புரியுது, உப்பு சரியா இருந்துச்சான்னு சொல்லுங்க" என்பாள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த கூட்டத்துக்குள்தான் விளக்கு வந்தது.

மாவட்ட அறிவியல் பரப்பு வாரியம் என்று ஒன்றைப் புதிதாக ஏற்படுத்தியிருந்தார்கள். அவர்கள் ஒவ்வொரு நாற்காலி முதுகின் உச்சியிலும் ஒரு சின்ன விளக்கைப் பொருத்தினார்கள். உட்காருகிறவர் கையில் ஒரு பட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும். பேசுவது அவருக்குப் புரிந்தால் விளக்கு எரியும், புரியாவிட்டால் எரியாது. பேச்சாளருக்கு மேடையிலிருந்து எல்லா விளக்கும் தெரியும். அதற்குத் தெளிவு விளக்கு என்று பெயர். வருட முடிவில் யார் பேசும்போது அதிகம் எரிந்ததோ அவர்தான் மாவட்டத்தின் நிலையப் பேச்சாளர். ஊர் ஊராக அவரைத்தான் அனுப்புவார்கள். கைதட்டலுக்கு இனிமேல் மதிப்பில்லை.

சென்னியப்பன் கவலைப்படவில்லை. அந்தப் பதவி தனக்காகவே உண்டாக்கப்பட்டது என்று நினைத்தார்.

முதல் கூட்டத்தில் அவர் கருந்துளையைப் பற்றிப் பேசினார். அருமையான பேச்சு. மாமியார் வீட்டுக்குப் போன மருமகன் சம்பளம் மாதிரி, உள்ளே போன வெளிச்சம் திரும்பாது என்றார். ஜனம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது. விளக்குகள் எரியவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக மினுக்கிவிட்டு அணைந்தன. இருட்டில் உட்கார்ந்து அத்தனை பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவருக்குப் பிறகு பத்து நிமிடம் பேச லோகநாதனைக் கூப்பிட்டார்கள். லோகநாதன் அவருடைய சித்தப்பா மகன். குஜராத்தில் உரத் தொழிற்சாலை ஒன்றில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்துவிட்டு, அப்பா படுக்கையில் விழுந்ததால் ஊரோடு வந்துவிட்டவன். பேச்சு என்றால் அவனுக்கு வியர்க்கும். காகிதத்தைப் பார்த்துப் பார்த்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சமையல் எரிவாயு கசிந்தால் ஏன் தரையோரம் தேங்குகிறது என்று சொன்னான். ஒரு சிரிப்புக் கிடையாது. இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். கொட்டாவி விட்டவர்களின் விளக்கும் சேர்ந்து எரிந்தது. வரிசை வரிசையாகப் பொறுமையாக எரிந்துகொண்டே வந்து, முன்வரிசையில் மாரப்பனின் விளக்கும் எரிந்தது.

மற்றவர்கள் விளக்கு எரிந்ததைக்கூடச் சென்னியப்பன் மன்னித்திருப்பார். மாரப்பன் விளக்கு எரிந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அன்றிலிருந்து காய்ச்சல். லோகநாதனின் தமிழ் கொச்சை என்றார். சட்டை தொளதொள என்றார். குஜராத்தில் இருந்த வேலை நிஜமான வேலைதானா என்று சந்தேகப்பட்டார். மாரப்பன் ஒருநாள் கடைவீதியில் வண்டியை நிறுத்தி லோகநாதனிடம் எதையோ கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, வாங்கப் போன காய்கறியை வாங்காமலே வீட்டுக்கு வந்தார். வயிறு எரிகிறது என்று மனைவியிடம் சொன்னார். அவர் நிஜமாகவே வயிற்றைத்தான் சொல்கிறார் என்று நினைத்து அந்தம்மா மோர் கொடுத்தாள்.

இதில் பழைய கதையும் ஒன்று உண்டு. இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் ஒரு பொதுக் கிணறு இருக்கிறது. வாய் குறுகலான, ஆழமான வட்டக் கிணறு. தண்ணீர் முறை பற்றிச் சண்டை வந்தபோது சென்னியப்பனின் அப்பா, தன் பாதிக் கிணற்றின் மேல் சிமெண்டுப் பலகை போட்டு மூடிவிட்டார். தன் பக்கத்துக் காற்றைக்கூடத் தம்பி அனுபவிக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். கிணற்றுக்குப் பாதி மூடி போட்ட அந்தக் கூத்தைப் பார்க்க அந்தக் காலத்தில் பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வந்தார்களாம். அப்பா போய்ச் சேர்ந்தார். பலகை இருந்தது. எடுத்துவிடலாமே என்று லோகநாதன் ஊருக்கு வந்த புதிதில் கேட்டான். பார்க்கலாம் என்றார் சென்னியப்பன். விளக்கு வந்த பிறகு அந்தப் பேச்சை எடுத்தபோது, பார்க்கலாம் என்றுகூடச் சொல்லவில்லை.

மூன்று கூட்டங்கள் லோகநாதன் பக்கமே போயின. நான்காவது கூட்டத்துக்கு முன்பு சென்னியப்பன் மண்டபத்துக்குச் சீக்கிரம் போனார். விளக்குகளைப் பார்த்துக்கொள்ள வாரியம் ஹேமலதா என்ற பெண்ணை அனுப்பியிருந்தது. நாற்காலி நாற்காலியாக ஒயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். இவர் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார். புரிந்ததா இல்லையா என்று இந்தப் பட்டைக்கு எப்படியம்மா தெரியும் என்று கேட்டார்.

"புரியறப்ப மனசுல ஒரு முடிச்சு அவுந்த மாதிரி ஒரு நிம்மதி வரும்ல சார்? நாடியில, தோல்ல எல்லாம் அது தெரியும். பட்டை அதத்தான் பிடிக்குது."

"தப்பாப் புரிஞ்சுக்கிட்டா?"

ஹேமலதா சிரித்தாள். "தப்பாப் புரிஞ்சுக்கிட்டவங்களுக்குத் தப்புன்னு தெரியாதே சார். அவங்களுக்கும் அதே நிம்மதிதான். சொல்லப்போனா இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியாவே எரியும். சந்தேகமே இருக்காதுல்ல."

"வாரியத்துல இதச் சொன்னீங்களா?"

"சொன்னோம் சார். பேசறவங்க எல்லாம் படிச்சவங்க, தப்பாச் சொல்லவா போறாங்கன்னுட்டாங்க."

சென்னியப்பன் அதை யாரிடமும் சொல்லவில்லை. அன்று முதல் அவர் பேச்சு மாறியது. தப்பாக எதையும் சொல்லவில்லை, அந்த அளவுக்கு அவர் கெட்டவரில்லை. உண்மையிலிருந்து உருண்டையாக ஒரு துண்டை மட்டும் எடுத்துக் கையில் கொடுத்தார். ஒரு கேள்வி, ஒரு பதில், அதோடு சரி. விளக்கை அணைப்பது எது என்று அவருக்கு இரண்டே கூட்டத்தில் பிடிபட்டுவிட்டது. 'ஆனால்' என்ற சொல். எவ்வளவு நன்றாக எரிகிற விளக்கும், ஆனால் என்று ஆரம்பித்தால் நடுங்கும். லோகநாதன் பேச்சில் நாலு வாக்கியத்துக்கு ஒரு ஆனால் வரும். இவர் தன் பேச்சிலிருந்து அந்தச் சொல்லையே ஒழித்தார். விளக்குகள் எரிந்தன. மாரப்பனின் விளக்கு பழையபடி முதலில் எரிந்தது. வருடக் கடைசியில் இரண்டு பங்காளிகளும் கிட்டத்தட்டச் சமமாக நின்றார்கள்.

கடைசிக் கூட்டத்துக்குத் தலைப்பு கொடுத்தது மன்றச் செயலாளர் குழந்தைவேல். தேங்காய் எண்ணெய் மில் வைத்திருப்பவர், போட்டி என்றால் உயிர். அந்தக் கோடையில் பக்கத்து ஊரில் தொட்டி கழுவ இறங்கிய இருவர் மூச்சடைத்துச் செத்திருந்தார்கள். அதனால் கிணறு, தொட்டிகளில் நச்சுக்காற்று என்பதையே இருவரும் பேசட்டும் என்றார். இதில் ஜெயிக்கிறவர் நிலையப் பேச்சாளர்.

முதலில் லோகநாதன். அவனுக்கு இது தொழில். குஜராத்தில் இப்படிச் செத்தவர்களைக் கண்ணால் பார்த்தவன். நச்சுக்காற்றில் பல வகை உண்டு என்றான். அழுகின முட்டை நாற்றம் அடித்தால் ஆபத்து, ஆனால் நாற்றம் நின்றுவிட்டால் அதைவிட ஆபத்து, ஏனென்றால் காற்று அதிகமானால் முதலில் மூக்குதான் செத்துப்போகும் என்றான். விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது, மீட்டர் வேண்டும் என்றான். ஒவ்வொரு ஆனாலுக்கும் ஒரு வரிசை அணைந்தது. கடைசியாகக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு அவன் சொன்னதைக் கூட்டம் ரசிக்கவே இல்லை.

"உள்ள மயங்கிக் கெடக்கறது உங்க சொந்த அண்ணன் தம்பியா இருந்தாலும் எறங்காதீங்க. காப்பாத்தப் போறவன்தான் ரெண்டாவதாச் சாவான்."

பெண்கள் பக்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஒருத்தருக்கும் விளக்கு எரியவில்லை.

சென்னியப்பன் மேடைக்கு வந்தபோது கையில் இரண்டு அரிக்கேன் விளக்குகளைக் கொண்டுவந்தார். மேசையில் இரண்டு பெரிய கண்ணாடி ஜாடிகள் இருந்தன. ஒன்றில் வெறும் காற்று. இன்னொன்றில் சோடா உப்பையும் வினிகரையும் கலந்து கரியமில வாயுவை நிரப்பியிருந்தார். முதல் ஜாடிக்குள் விளக்கை இறக்கினார், எரிந்தது. இரண்டாவது ஜாடிக்குள் இறக்கினார், பொசுக்கென்று அணைந்தது. கூட்டம் மூச்சு விட்டது.

"விளக்கு எரிஞ்சா உள்ள காத்து இருக்குது. அணைஞ்சா இல்ல. விளக்கு மூச்சுவிடற எடத்துல மனுசனும் மூச்சுவிடலாமுங்க. நம்ம ஊருக்கு இதுக்கு மேல என்னங்க மீட்டரு?"

மண்டபத்தில் எல்லா விளக்கும் எரிந்தன. எல்லாம் என்றால் கடைசி வரிசையில் ஒன்றைத் தவிர எல்லாம். ருக்மணி சுண்டலுக்குத் தேங்காய் தூவிக்கொண்டிருந்தாள். அவ்வளவு வெளிச்சத்தைச் சென்னியப்பன் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. முகத்தில் சூடு தெரிகிற மாதிரி இருந்தது.

அடுத்த வாக்கியம் அவரிடம் தயாராக இருந்தது. சாக்கடை, அழுகின கழிவு இருக்கிற இடத்தில் வருகிற காற்று வேறு. அதில் விளக்கு ஜம்மென்று எரியும், ஆள் சாவான். முதல் வருடத்துப் பையன்களுக்கு அவர் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற விஷயம். சொல்ல வேண்டும் என்றுதான் வந்திருந்தார். "ஆனா" என்று வாயைத் திறந்தார். முன்வரிசையில் மாரப்பனின் விளக்கு நடுங்கியது. அதைப் பார்த்தார். அதற்குப் பின்னால், பேச்சாளர் என்பதால் பட்டை இல்லாமல் கைகட்டி உட்கார்ந்திருந்த லோகநாதனையும் பார்த்தார்.

"ஆனா நேரமாச்சு, சுண்டல் ஆறிப்போகும்" என்று முடித்தார்.

சிரிப்பும் கைதட்டலும் கலந்து எழுந்தபோது லோகநாதன் எழுந்து நின்றான். அண்ணா, ஒன்றே ஒன்று சொல்லிக்கொள்கிறேன் என்றான். சென்னியப்பன் அவனை முடிக்க விடவில்லை. "பங்காளி எந்திரிச்சுட்டாருங்க. வெளக்குலயும் பாதி பங்கு கேக்கறாரு போல" என்றார். மண்டபம் அதிர்ந்தது. லோகநாதன் உட்கார்ந்துவிட்டான்.

அன்று வீட்டுக்குப் போன சென்னியப்பனுக்கு வயிறு எரியவில்லை. இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டார்.

அந்த வாரமே பொதுக் கிணற்றில் மோட்டார் நின்றுபோனது. லோகநாதனின் தண்ணீர் முறை. அடியில் குழாய் வாயைச் சேறு அடைத்திருந்தது. பக்கத்து அரிசி மில்லில் நெல் ஊறவைத்த தண்ணீர் மண்ணுக்குள் கசிந்து கசிந்து அந்தக் கிணற்றுக்கு வருகிறது என்று ஊருக்கே தெரியும். அதனால் யாரும் அதைக் குடிப்பதில்லை, தென்னைக்கு மட்டும் பாய்ச்சுவார்கள். கோடையில் தண்ணீர் வற்றி, கறுப்புச் சேறு வெளியே தெரிந்தது. மேலே நின்றாலே நாறியது. மாரப்பனைக் கூப்பிட்ட லோகநாதன், கோயமுத்தூரில் ஒரு மீட்டருக்குச் சொல்லியிருக்கிறேன், போய் எடுத்துக்கொண்டு வருகிறேன், அதுவரை கிணற்றுப் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மாரப்பன் கைகட்டி உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை. தென்னை வாடிக்கொண்டிருந்தது. அவருக்குத்தான் விஷயம் புரிந்துவிட்டதே. மச்சினன் அங்கமுத்துவைக் கூட்டிக்கொண்டு அரிக்கேன் விளக்கோடு வந்தார். ருக்மணியும் சாப்பாட்டுத் தூக்கோடு கூட வந்தாள். விளக்கைக் கயிற்றில் கட்டி, பலகை போடாத பாதி வழியாக அடிவரைக்கும் விட்டார். எரிந்தது. "பாத்தியா, இதுக்குப் போயி அந்தத் தம்பி கோயமுத்தூர் போயிருக்குது" என்று சிரித்துக்கொண்டே ஏணி வழியாக இறங்கினார். பாதி ஆழத்தில், நாற்றம் குடலைப் பிடுங்குகிறது என்று சொன்னார். அப்புறம் கீழேயிருந்து சந்தோஷமாக ஒரு குரல் வந்தது.

"அங்கமுத்து, நாத்தமே நின்னுபோச்சுடா."

அதற்குப் பிறகு குரல் இல்லை.

லோகநாதனின் கார் வந்து நின்றபோது அங்கமுத்து ஏணியில் கால் வைத்துவிட்டான். லோகநாதன் ஓடிவந்து அவனைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்தான். இருவரும் கிணற்று மேட்டில் உருண்டார்கள். அவன் கடித்தான், உதைத்தான், லோகநாதன் விடவில்லை. மூக்கில் ரத்தம் வழிய அவன் மேலேயே படுத்துக்கொண்டு, தீயணைப்பு வண்டிக்குப் போன் பண்ணச் சொல்லி ருக்மணியிடம் கத்தினான். ருக்மணி தூக்குச் சட்டியால் அவன் முதுகில் அடித்துக்கொண்டே இருந்தாள்.

சென்னியப்பன் கல்லூரியிலிருந்து வந்து சேர்ந்தபோது முகமூடி போட்ட ஆட்கள் இறங்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். அவர் தன் அப்பா போட்ட சிமெண்டுப் பலகையின் மேல் மண்டியிட்டு எட்டிப் பார்த்தார். அடியில் மாரப்பன் குப்புறக் கிடந்தார். பக்கத்தில் அரிக்கேன் விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

பலகை மட்டும் இல்லாதிருந்தால் கொஞ்சம் காற்று வெளியேறியிருக்கும் என்று பிறகு தீயணைப்பு அதிகாரி சொன்னார். மருத்துவரும் நச்சுக்காற்றுதான் என்றார். ஊர் அதைக் காதில் வாங்கவில்லை. விளக்கு எரிந்ததை எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள். விளக்கு எரிந்தால் காற்று நல்ல காற்று, அது எல்லாருக்கும் புரிந்த விஷயம். அப்படியானால் மாரப்பனுக்கு நெஞ்சுவலி. நெஞ்சுவலி வந்தவரை உடனே இறங்கித் தூக்கியிருந்தால் பிழைத்திருப்பார். இறங்கப் போன மச்சினனைப் பிடித்து வைத்துக்கொண்டது யார்? லோகநாதன் வாயைத் திறந்து காற்று என்று சொன்னபோதெல்லாம், "அண்ணன் பேர் வாங்கிட்டாருன்னு பங்காளிக் காய்ச்சல்ல சொல்றான்" என்றார்கள்.

ருக்மணி லோகநாதன் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். உன் குலம் விளங்காது, உன் வீட்டில் விளக்கு எரியாது என்று சபித்தாள். அவன் கதவைச் சாத்தாமல், தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். அடுத்த வீடான தன் வீட்டு வேலியோரம் நின்று சென்னியப்பன் அதைப் பார்த்தார்.

அப்போது அவருக்குள் மூண்ட பொறாமை, அதற்கு முன்னால் மூண்ட எல்லாவற்றையும் விடப் பெரியது. அந்தச் சாபம் அவருடையது. ஒவ்வொரு வார்த்தையும் அவருக்கு வர வேண்டியது. அதையும் அவன் வாங்கிக்கொண்டு நின்றான். ருக்மணி திரும்பி வரும்போது இவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நீங்க சொன்னபடியேதானுங்க செஞ்சாரு. வெளக்கு நல்லா எரிஞ்சுதுங்க. என்ற தலையெழுத்து, நீங்க என்ன பண்ணுவீங்க."

அவர் வீட்டுக்குள் போய்விட்டார். அந்தக் கும்பிடு போட்ட கை கண்ணை விட்டுப் போகவில்லை.

காரியம் முடிந்த பிறகு லோகநாதன் அவர் வீட்டுக்கு வந்தான். சுவரோரம் நின்றுகொண்டே பேசினான். உட்காரச் சொன்னதற்கு வேண்டாம் என்றான். பலகையை எடுக்க ஆள் சொல்லியிருக்கிறேன், தடுக்காதீர்கள் என்றான். இவர் தலையாட்டினார். அவன் போகாமல் நின்றான்.

"அண்ணா, ஒன்னு கேக்கறேன். அழுகின சேத்துல வர்ற காத்துல வெளக்கு அணையாதுன்னு உங்களுக்குத் தெரியாதுதானுங்களே?"

சென்னியப்பன் மறுபடியும் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினார்.

"தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் நம்பிக்கறேன். ஊருல யாருகிட்டயும் மறுபடி இந்தப் பேச்சே எடுக்கமாட்டேன்."

வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கிய மனிதருக்கு, தெரியாது என்ற ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. லோகநாதன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

அடுத்த இரண்டாம் ஞாயிறு மாரப்பனுக்கு அஞ்சலிக் கூட்டம். கூடவே நிலையப் பேச்சாளர் அறிவிப்பும். சென்னியப்பன் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். குழந்தைவேல் இரண்டையும் ஒரே கூட்டமாக வைத்ததற்கு மண்டபம் கிடைக்காததுதான் காரணம். முன்வரிசையில் மாரப்பனின் நாற்காலியில் ருக்மணியை உட்காரவைத்துக் கையில் பட்டையைக் கட்டிவிட்டார்கள். சுண்டல் அன்று வேறு யாரோ செய்திருந்தார்கள். லோகநாதன் வாசல் தூணோரம் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு யாரும் நாற்காலி காட்டவில்லை.

சால்வை போட வந்த குழந்தைவேலிடம், பேசிவிட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றார் சென்னியப்பன். மைக்கைப் பிடித்தார். மாரப்பன் என்று பெயரைச் சொன்னதுமே துக்கத்தோடு விளக்குகள் லேசாக மினுக்கின. அவர் ஒரு சிரிப்பும் வைக்காமல், லோகநாதன் பேசுகிற மாதிரி தட்டுத்தடுமாறிப் பேசினார்.

"போன கூட்டத்துல நான் வெளக்கு வச்சுக் காட்டினது பாதிதானுங்க. வெளக்கு அணைஞ்சா எறங்கக் கூடாதுங்கறது சரி. ஆனா எரிஞ்சா எறங்கலாங்கறது சரியில்ல. அழுகின சேத்துல ஒரு காத்து வரும். அதுல வெளக்கு எரியும், மனுசன் சாவான். நாத்தம் நின்னா அப்பறம் நேரமே இல்ல."

விளக்குகள் அணைய ஆரம்பித்தன. பின்வரிசையிலிருந்து முன்பக்கமாக அணைந்துகொண்டே வந்தன. அவர் நிறுத்தவில்லை.

"தம்பி லோகநாதன் அன்னைக்கே சொன்னான். அங்கமுத்து எறங்கியிருந்தா ரெண்டு பொணம் எடுத்திருப்போம். மாரப்பனுக்கு நெஞ்சுவலி இல்லீங்க. எனக்கு இது அன்னைக்கே தெரியும். சொல்ல வந்தேன். சொன்னா உங்க வெளக்கெல்லாம் அணைஞ்சுபோகும், தம்பி ஜெயிச்சுருவான்னு முழுங்கிட்டேன்."

மண்டபம் முழுக்க இருட்டாகிவிட்டது. பிறகு நடுவரிசையில் ஒருவர், அண்ணன் துக்கத்தில் ஏதேதோ பேசுகிறார் என்றார். பாவம், மாரப்பன் மேல் அவ்வளவு பிரியம் என்றார் இன்னொருவர். பெரிய மனசு, பங்காளியைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று ஒரு பெண்குரல் சொன்னது. இப்போது அங்கங்கே சில விளக்குகள் நிம்மதியாக எரிந்தன. குழந்தைவேல் சால்வையை விரித்துக்கொண்டு மேடையேறினார்.

சென்னியப்பன் அந்த விளக்குகளைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் மாரப்பனின் நாற்காலியில் ஒரு விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. முதலில் மங்கலாக, பிறகு மெல்ல மெல்ல நன்றாக. அந்த மண்டபத்தில் ருக்மணி உட்கார்ந்த நாற்காலியில் விளக்கு எரிந்து யாரும் பார்த்ததில்லை. அது நடுங்கவில்லை. அவள் தலையைத் திருப்பி, தூணோரம் நின்ற லோகநாதனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மேடையைப் பார்த்தாள்.

"இப்பப் புரிஞ்சுதுங்க" என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. மேடைவரைக்கும் கேட்டது. அவள் பட்டையை அவிழ்க்கவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. குழந்தைவேல் அவர் தோளில் போட்ட சால்வை சரிந்து கீழே விழுந்தது. சென்னியப்பன் மைக்கை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல், அந்த விளக்குக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தார்.